டிவிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவர்

நாமக்கல்லில் என் கடைக்கு வீடியோ கேம் பெட்டி வாங்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள். எது புதுசு, எதில் படம் தெளிவு, எது சீக்கிரம் சூடாகாது. நான் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பேன். "உங்க ஊட்ல ஒருத்தர் ஆடறப்ப பக்கத்துல எத்தன பேருங்க உக்காந்திருப்பாங்க?" வந்தவர் முழிப்பார். கூட வந்த மனைவி சிரிப்பார். சிலர் எழுந்து பக்கத்துக் கடைக்கே போய்விடுவார்கள். போகட்டும். அந்தக் கேள்வியை நான் விடுவதாக இல்லை.

அது என் சொந்தக் கேள்வி அல்ல. கொல்லிமலை செம்மேட்டில் கேம் கடை வைத்திருந்த ஓர் அக்காவினுடையது. அந்த அக்காவிடம் நான் தொழிலில் தோற்றவன். இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சமும் வெட்கம் கிடையாது. கேட்க ஆள் கிடைத்தால் டீ வாங்கிக் கொடுத்தே சொல்வேன்.

அக்காவின் கடை பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரில் தகரக் கூரை போட்ட ஓர் அறை. உள்ளே ஒரு பழைய பெட்டி டிவி, அதற்குக் கீழே கேசட் சொருகி ஆடும் டிவி கேம், வயரோடு இரண்டு ரிமோட். எதிரே சுவர் நீளத்துக்கு ஒரு பலகை பெஞ்சு. அவ்வளவுதான் கடை. அக்கா உட்காரும் முக்காலி டிவிக்குப் பக்கத்தில் இருக்கும். ஆனால் டிவியைப் பார்த்து இருக்காது. டிவிக்கு முதுகைக் காட்டி, பெஞ்சைப் பார்த்தபடி உட்கார்ந்து, மடியில் மரவள்ளிக் கிழங்கை வைத்துத் தோல் சீவிக்கொண்டிருப்பார்.

முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சினிமா தியேட்டர் வைத்துக்கொண்டு திரையைப் பார்க்காத முதலாளி மாதிரி இருந்தது. ஆனால் அக்காவுக்கு ஆட்டம் எங்கே போகிறது என்று அத்துப்படி. திரும்பிப் பார்க்காமலே, "ஏஞ்சாமி, கடேசி உசுரா?" என்பார். ஆடுகிறவன் ஆமாம் என்று முனகுவான். பெஞ்சில் இருப்பவர்களின் முகத்தில்தான் அவர் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்குப் புரியவே வெகுநாள் ஆனது.

"டிவிய பாத்தா ஆட்டந்தானுங்க தெரியும். பெஞ்ச பாத்தாத்தான் கடை தெரியும்" என்பது அவர் அடிக்கடி சொல்வது.

சேலத்திலிருந்து ஓர் ஆள் புது கேசட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வருவார். ஒரே கேசட்டில் நூற்றுக்கணக்கான ஆட்டம், அப்படிப் படம், இப்படிச் சத்தம் என்று அளப்பார். அக்கா ஒன்றையும் காதில் வாங்கமாட்டார். கேசட்டைப் போட்டு, அப்போது கடையில் யார் இருக்கிறார்களோ அவர்களில் இரண்டு பேரை ஆடச் சொல்லிவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து பெஞ்சைப் பார்ப்பார். பெஞ்சில் இருப்பவர்கள் சுவரை விட்டு முன்னால் சாய்ந்தால் வாங்குவார். சாயாவிட்டால், "நல்லாத்தானுங்க இருக்குது, ஆனா பெஞ்சு சாயலீங்களே" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். அவர் வாங்கிய குத்துச்சண்டை கேசட்டில் படம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. இரண்டு மனுஷப் பொம்மைகள், அதுவும் கட்டம் கட்டமாக. அதற்குத்தான் மலையில் அத்தனை கூட்டம்.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதை இதுதான். சேலத்தில் டிவி மெக்கானிக் வேலை படித்தவன் நான். அப்போதுதான் புதிதாக வந்திருந்த டிஸ்க் போடும் பெட்டி ஒன்றை வாங்கினேன். ஓடுகிற காரின் கண்ணாடியில் மழைத்துளி வழிவது தெரியும், அப்படிப் படம். நாமக்கல்லில் ஏற்கெனவே நாலைந்து கடை. மலையில் ஒரே ஒரு கடை, அதுவும் அரதப் பழசு என்று கேள்விப்பட்டு, அந்த அக்கா கடைக்கு நேர் எதிரிலேயே வாடகைக்கு இடம் பிடித்தேன். பெரிய டிவி, ஆடுகிறவனுக்குக் குஷன் நாற்காலி, காதில் மாட்ட ஹெட்போன், காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. ஒரு மாதத்தில் அந்தத் தகரக் கடை பூட்டிக்கொள்ளும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

திறந்த அன்று என் கடையில் நிற்க இடமில்லை. மலையில் பல ஊர் சேர்ந்தால் ஒரு நாடு; குண்டூர் நாடு, தேவனூர் நாடு என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து வாயைப் பிளந்து பார்த்தார்கள். எதிர்க்கடை பெஞ்சு காலி. பொழுது சாய்ந்ததும் அக்காவே என் கடைக்கு வந்தார். நான் நாற்காலியைத் துடைத்துப் போட்டேன், மனதுக்குள் ஒரு மிதப்பு. அக்கா அந்த நாற்காலியைத் திருப்பிப் போட்டு, என் பெரிய டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் என் பெஞ்சையே பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, படம் கண்ணப் பறிக்குதுங்க" என்றார். "ஆனா உங்க பெஞ்சு பின்னால சாஞ்சு கெடக்குதுங்களே."

எனக்குச் சுள்ளென்று வந்தது. வயிற்றெரிச்சலில் பேசுகிறார் என்றே நினைத்தேன். ஆனால் அவர் சொன்னது உண்மை. ஆடுகிறவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தன்பாட்டுக்குத் தனியாகக் காரை ஓட்டிக்கொண்டிருந்தான். பெஞ்சில் இருந்தவர்கள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு என் பெட்டி தன் குணத்தைக் காட்ட ஆரம்பித்தது. மலையில் கரண்ட் ஒரு நிலையில் நிற்காது. மின்னல் வெட்டினால் போய்விடும், காற்றடித்தால் குறையும். அக்காவின் பெட்டிக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை. கரண்ட் வந்ததும் பட்டனைப் போட்டால் ஆட்டம் தொடங்கிவிடும். என்னுடையது ஒவ்வொரு தடவையும் நலம் விசாரித்து, தன்னைத் தானே சோதித்து முடிப்பதற்குள் வந்தவன் டீ குடிக்கப் போய்விடுவான். அதைவிடக் கொடுமை, அதற்கு அடிக்கடி இன்டர்நெட்டில் எதையோ இறக்கிக்கொள்ள வேண்டும். இறக்காமல் ஆடவிடமாட்டேன் என்று திரையில் எழுதிவிட்டு நின்றுகொள்ளும். அன்றைக்கு மலையில் போன் பேசவே பாறை மேல் ஏற வேண்டும். இன்டர்நெட்டுக்கு எங்கே போக?

நாமக்கல்லுக்குத்தான். பெட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, மலைப்பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சிநேகிதன் வீட்டில் அதற்கு வேண்டியதை இறக்கிக் கொடுத்து, மறுபடி எழுபது வளைவும் ஏறி வருவேன். பச்சைக் குழந்தையைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோவதுபோல் கொண்டுபோகிறேன் என்று கண்டக்டர் கேலி செய்வார். "பொட்டிக்கு உடம்பு எப்படிங்க?" என்றுதான் கேட்பார். நான் கீழே போன நாளெல்லாம் என் கடை பூட்டு. எதிர்க்கடையில் பெஞ்சு நிறைந்துகொண்டே வந்தது.

அக்காவைப் பற்றி மலையில் பலவிதமாகப் பேசுவார்கள். சின்ன வயதில் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனவர். கல்யாணம் சரிவராமல் ஒரு மகளோடு மலைக்குத் திரும்பியவர். திரும்பும்போது பாத்திரம், பீரோ என்று ஒன்றும் கொண்டுவராமல் அந்த டிவி கேமைத்தான் பையில் வைத்துக் கொண்டுவந்தார். ஹாஸ்டலில் ஒரு ரூம் முழுக்கப் பெண்கள், ஒரே ஒரு கேம். ஆடுகிற நேரத்தைவிடக் காத்திருக்கிற நேரம்தான் அதிகமாம். "அந்தக் காத்திருந்த நேரத்துலதானுங்க தம்பி நாங்க அல்லாரும் சிநேகிதமானோம்" என்று ஒருமுறை சொன்னார். அவருக்குக் காடு தோட்டம் எதுவும் கிடையாது. மிளகுக்கொடி ஒன்றுகூடச் சொந்தமில்லை. அந்தக் கடை ஓடினால்தான் மலையில் இருக்கலாம், இல்லாவிட்டால் மகளை இழுத்துக்கொண்டு மறுபடி திருப்பூருக்குத்தான் போக வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்தக் கடைக்குத்தான் ஆபத்து வந்தது, என்னால் அல்ல, ஒரு பட்டனால்.

அந்தப் பழைய டிவி கேமில் இரண்டு ரிமோட் இருந்தாலும், ஸ்டார்ட் பட்டன் முதல் ரிமோட்டில் மட்டும்தான் உண்டு. ஆட்டத்தைத் தொடங்குவதும் நடுவில் நிறுத்துவதும் அவன் கையில். இரண்டாவது ரிமோட்காரன் அவன் தயவில் ஆட வேண்டும். வேறு ஊராக இருந்தால் இதை யாரும் கண்டுகொண்டிருக்கமாட்டார்கள். மலையில் கோயில் நோம்பி, திருவிழா என்றால் எந்த நாட்டுக்கு முதல் மரியாதை, எந்த நாட்டுக்கு அடுத்தது என்று ஒரு வரிசை உண்டு. அந்த வரிசை எப்படியோ பஸ் ஸ்டாப் தகரக் கடைக்குள்ளும் வந்துவிட்டது. குண்டூர் நாட்டுப் பையன்கள் முதல் ரிமோட் தங்களுக்குத்தான் என்றார்கள். தேவனூர் நாட்டுப் பையன்கள் விடவில்லை. ஒரு சந்தை நாளில், குத்து விழும் சமயம் பார்த்து ஒருவன் ஸ்டார்ட்டை அமுக்கி ஆட்டத்தை நிறுத்த, டிவியில் நின்ற குத்துச்சண்டை கடைக்குள் தொடங்கியது. சட்டை கிழிந்தது. ஒருவனுக்கு உதடு கிழிந்தது. டிவி கீழே விழாமல் அக்காதான் கட்டிப்பிடித்து நின்றார்.

பெரியவர்கள் கூடினார்கள். எந்தப் பக்கமும் சேராதவர் என்று பெரக்கரை நாட்டுப் பெரியவர் ஒருவரை நடுவில் உட்கார வைத்தார்கள். மிளகு விலையைத் தவிர வேறு எதையும் பற்றிப் பேசாதவர். நானும் கூட்டத்தில் போய் நின்றேன். எதிர்க்கடையை மூடப்போகிறார்கள், எனக்குக் கொண்டாட்டம்தானே.

கடையை மூடு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர்களோ முதல் ரிமோட் எந்த நாட்டுக்குச் சேரும் என்று விசாரிக்க உட்கார்ந்துவிட்டார்கள். தாத்தா காலத்தில் தேரில் யார் முதலில் கை வைத்தது, யார் வீட்டிலிருந்து பூசைச் சாமான் வந்தது என்று பேச்சு எங்கெங்கோ போனது. பொழுது சாய்கிற வரைக்கும் பேசினார்கள். முடிவில் நடுப்பெரியவர், "இது பேசி முடியற காரியமில்ல. முடியற வரைக்கும் கடை பூட்டியே இருக்கட்டும்" என்றார். முதல் மரியாதை வழக்கு மலையில் எந்தக் காலத்தில் முடிந்திருக்கிறது? அக்காவின் கடைக்கு அது ஒரேயடியான பூட்டு.

அக்கா எழுந்தார். கெஞ்சவில்லை.

"பெரியப்பா, அடுத்த சந்தைக்கு ஒரே ஒருக்கா தொறக்க உடுங்க. நீங்களே வந்து உக்காந்து பாருங்க. ஒரு சத்தம் வந்தாலும் நானே பூட்டிச் சாவிய உங்க கையில குடுத்தர்றேன். அன்னைக்கே பஸ் ஏறீர்றேன்."

பெரியவர் தலையாட்டினார்.

மறுநாள் காலையில் அக்கா என் கடைக்கு வந்தார். ஒரு கையில் முதல் ரிமோட், இன்னொரு கையில் வீட்டு வாசலில் வைக்கிற காலிங்பெல் ஸ்விட்ச் ஒன்று, நீளமாக வயர்.

"தம்பி, இந்த ஸ்டார்ட் பட்டனப் புடுங்கி, இந்த வயர்ல கோத்து, பெஞ்சு வரைக்கும் கொண்டுபோகோணுமுங்க. ஆவுங்களா?"

"ஆகுமுங்க்கா. ஆனா ஆடறவன் கையில இல்லாத பட்டன் எதுக்குங்க?"

"காத்திருக்கறவங்களுக்கு ஒரு வேல வேணுமுங்களே."

எனக்குப் புரியவில்லை. வாசல்மணியை வைத்துக்கொண்டு நாட்டுச் சண்டையைத் தீர்க்கப் போகிறாராம் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேதான் ரிமோட்டைக் கழற்றினேன். ஸ்டார்ட் பட்டனின் இரண்டு முனையிலும் வயரை வைத்துச் சால்டர் செய்து, மறுமுனையில் ஸ்விட்சை மாட்டி, சரிபார்த்துக் கொடுத்தேன். வேலை சுத்தமாக இருந்தது. என் கடையை மூடவைத்த ஸ்விட்சுக்கு ஈயம் வைத்தவன் நான்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மீசையை முறுக்கத் தோன்றுகிறது.

சந்தை நாள் வந்தது. பலாப்பழமும் அன்னாசியும் ஏற்ற வந்த லாரிக்காரர்கள்கூட வேலையை விட்டுவிட்டுத் தகரக் கடை வாசலில் நின்றார்கள். நானும் என் கடைப் படியில் நின்றுகொண்டேன், அங்கிருந்தே எல்லாம் தெரியும். குண்டூர் நாட்டுப் பையன் ஒரு ரிமோட்டை எடுத்தான், தேவனூர் நாட்டுப் பையன் மற்றதை எடுத்தான். பெரியவர் பெஞ்சின் முதல் ஆளாக உட்கார்ந்தார். அக்கா அந்த ஸ்விட்சைக் கொண்டுபோய் அவர் கையில் வைத்தார்.

"பெரியப்பா, நீங்க அமுக்குனாத்தானுங்க ஆட்டம் தொடங்கும். அவங்க ரெண்டு பேரு கையிலயும் இப்ப ஒண்ணும் இல்லீங்க. ஒரே ஒரு சட்டந்தான். தோத்தவன் எந்திரிச்சுக் கடைசிக்குப் போயிரோணும். அமுக்குனவங்க அந்த எடத்துல உக்காந்து ஆடோணும். ஸ்விட்சு பெஞ்சுல அடுத்த ஆளுக்கு."

பெரியவர் ஸ்விட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரிமோட் பிடித்த இரண்டு பேரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். பெஞ்சு முழுக்க அவரைப் பார்த்தது. அவர் அமுக்கினார். டிவியில் மணி அடித்தது, குத்து ஆரம்பித்தது.

தேவனூர்ப் பையன் தோற்றான். முகம் சிவந்துதான் எழுந்தான். ஆனால் சண்டை போட அவனுக்கு யாரும் இல்லை. நடுவில் யாரும் நிறுத்தவில்லை, தொடங்கி வைத்தவர் பெரியவர். அவன் பெஞ்சின் கடைசிக்குப் போய் உட்கார்ந்தான், குண்டூர் நாட்டுக்காரன் ஒருவனுக்குப் பக்கத்தில்.

சட்டப்படி அந்த இடம் இப்போது பெரியவருக்கு.

"நானா? எனக்கு என்னத்தத் தெரியும்?" என்றார்.

"அமுக்குனீங்களே" என்றார் அக்கா, கிழங்கைச் சீவிக்கொண்டே.

பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். ரிமோட்டைத் தலைகீழாகப் பிடித்தார். கடைசியில் உட்கார்ந்திருந்த தேவனூர்ப் பையனே எழுந்து ஓடிவந்து திருப்பிக் கொடுத்து, எந்தப் பட்டன் குத்து, எந்தப் பட்டன் தடுப்பு என்று காட்டிவிட்டுப் போனான். இரண்டு குத்தில் பெரியவர் சுருண்டார். பெஞ்சு சிரிப்பதா வேண்டாமா என்று தவித்தது. முதலில் சிரித்தது அவர்தான். எழுந்து பெஞ்சின் கடைசிக்குப் போனார். அத்தோடு வீட்டுக்குப் போகவில்லை. தன் முறை எப்போது வரும் என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்று எந்த ரிமோட் எந்த நாட்டுக்காரன் கையில் இருந்தது என்று யாருக்கும் நினைவில்லை. சாவியை யாரும் கேட்கவும் இல்லை. பெஞ்சு கடைசி வரைக்கும் முன்னால் சாய்ந்தே கிடந்தது.

என் கடையில் அதற்குப் பிறகு நான் ஈ ஓட்டினேன். பெட்டியும் ஒருநாள் கரண்ட் ஏறி இறங்கியதில் படுத்துவிட்டது. மழைத்துளி எல்லாம் வழிந்து முடிந்தது. டிவியையும் நாற்காலிகளையும் மினி லாரியில் அனுப்பிவிட்டு, பெட்டியை மட்டும் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்தேன். நின்ற பஸ்ஸில் ஏறி, சீட்டில் பெட்டியை வைத்து இடம் பிடித்துவிட்டு, தண்ணீர் வாங்கக் கீழே இறங்கினேன்.

அக்கா கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"போறீங்களா தம்பி?"

"ஆமாங்க்கா."

"இத்தன நாளு எதுத்தாப்புலயே இருந்தீங்க. எங்க பெஞ்சுல ஒருக்காகூட உக்காரலீங்களே. அந்த ஸ்விட்சு நீங்க செஞ்சதுதானுங்க. வந்து ஒருக்கா அமுக்கிட்டுப் போங்க."

இப்போது அக்கா கடைக்கு நாமக்கல்லிலிருந்து நான்தான் பெட்டி கொடுக்கிறேன். அக்காவுக்கு மூட்டு வலி, மகளோடு ஈரோட்டில் இருக்கிறார். மலையில் கடையை அவருடைய தங்கச்சி மகள் நடத்துகிறார். டிவி மாறிவிட்டது, பெட்டி மாறிவிட்டது, ரிமோட்டுக்கு வயரே இல்லை. இருந்தாலும் ஒவ்வொரு புதுப் பெட்டிக்கும் நான் ரிமோட்டைப் பிரித்து, ஸ்டார்ட் பட்டனை வெளியே இழுத்து அந்தக் காலிங்பெல் ஸ்விட்சில் சேர்த்துத்தான் கொடுக்கிறேன். பிரித்தால் கேரண்டி கிடையாது என்று கம்பெனிக்காரர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். என் கடைக்கு ரிப்பேருக்கு வந்து சாகிற பெட்டிகள் எத்தனையோ பார்த்தாயிற்று. படம் மங்கலாக இருந்ததால் பரணில் ஏறிய பெட்டி ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. பக்கத்தில் காத்திருக்க ஆள் இல்லாமல் போய்த்தான் எல்லாம் ஏறியிருக்கின்றன.

பஸ் ஏற வந்த அன்று, அக்கா கூப்பிட்டதும் நான் அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் பெரியவர். எனக்கு முன்னால் இரண்டு பேர். சும்மா அமுக்கிவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் தப்பான நேரத்தில் கையை நீட்டினான். "இப்ப இல்லடா, இப்ப இல்ல" என்று ஒரு சத்தம் கேட்டது. அது என் சத்தம். முதுகு சுவரில் இல்லை. முழங்காலில் கை ஊன்றி டிவிக்குள் விழுந்துவிடுகிற மாதிரி இருந்தேன். முக்காலியில் அக்கா கிழங்குச் சீவலை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாஞ்சுட்டீங்க தம்பி" என்றார்.

ஸ்விட்ச் என் கைக்கு வந்தது. அப்போதுதான் வெளியே பஸ் ஹாரன் அடித்தது. வாசலில் நின்ற லாரிக்காரர் உள்ளே எட்டிப் பார்த்து, "ஏனுங்க, பஸ் போவுதுங்க, உங்க பொட்டி உள்ள இருக்குதுங்களே" என்றார். எட்டிப் பார்த்தேன். ஜன்னல் வழியாக என் பெட்டி, துண்டு சுற்றியபடி சீட்டில் தனியாக, முதல் வளைவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"போகட்டுங்க" என்றேன். பட்டனை அமுக்கினேன்.